கீரணத்தத்தில் எனக்கு வேலை, திருப்பூரில் அவருக்கு: வீட்டை எங்கே பார்ப்பது?

கும்பகோணத்துக்காரி | ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் முதல் வாரம் கீரணத்தம் ஐ.டி. பூங்காவில் வேலைக்குச் சேர்கிறேன். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், மீதி நாள் வீட்டிலிருந்தே. வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை அமைந்திருக்கிறது, அனுப்பர்பாளையம் பக்கம். மகள் மூன்றாம் வகுப்பு போகிறாள். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். முழங்கால் வலி, அதனால் தரைத்தளம் கட்டாயம் வேண்டும்.

கோயம்புத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்ததோடு சரி, வேறு பழக்கமில்லை. ஆன்லைனில் பார்த்தால் எல்லா ஏரியாவும் "அமைதியான சூழல், நல்ல தண்ணீர், எல்லா வசதியும் அருகில்" என்றே இருக்கிறது. வாடகை 16,000 வரை கொடுக்க முடியும். சரவணம்பட்டி, காளப்பட்டி, கருமத்தம்பட்டி, அவினாசி என்று நான்கு பெயர் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற ஊர்தான் சரி என்று அவர் சொல்கிறார். ஊர் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

சத்திரோட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 9:48

வாங்க அக்கா. முதலில் ஏரியா பெயர்களை மறந்துவிட்டு ரோடுகளின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். கோயம்புத்தூரை ரோட்டை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். விரித்த கைவிரல்கள் மாதிரி நடு ஊரிலிருந்து பிரிந்து போகின்றன: அவினாசி ரோடு, சத்தி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, தடாகம் ரோடு, மருதமலை ரோடு, பாலக்காடு ரோடு, பொள்ளாச்சி ரோடு, திருச்சி ரோடு. ஒரே ரோட்டில் பத்து கிலோமீட்டர் போவது சிரமமே இல்லை. ஒரு ரோட்டிலிருந்து இன்னொரு ரோட்டுக்குத் தாண்டுவதில்தான் உயிர் போகும். காலையில் கணபதி வழியாக ஒரு தடவை வந்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

உங்கள் ஆபீஸ் சத்தி ரோட்டுப் பக்கம். அவருடைய கம்பெனி அவினாசி ரோட்டின் அந்தக் கோடி. இந்த இரண்டு ரோட்டையும் ஊருக்குள் வராமல் இணைப்பது சரவணம்பட்டியிலிருந்து காளப்பட்டி வழியாக, அவினாசி ரோட்டில் இருக்கும் சிட்ரா ஸ்டாப்பில் வந்து சேரும் சாலை. அதைவிட்டு வேறெங்கே வீடு எடுத்தாலும் யாராவது ஒருவர் காந்திபுரத்தையோ ஹோப் காலேஜையோ தாண்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. சத்தி ரோட்டிலும் அவினாசி ரோட்டிலும் மெட்ரோ வருகிறது என்று சொல்லி வாடகையை ஏற்றிக் கேட்பார்கள். காகிதத்தில் திட்டம் இருக்கிறது, தரையில் ஒரு தூண்கூட எழும்பவில்லை. அதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

வடவள்ளிவாசி | ஞாயிறு, இரவு 10:20

பெரியவர் வீட்டில் இருக்கிறார் என்றால் வடவள்ளியையும் ஒரு முறை பாருங்கள். சிறுவாணித் தண்ணீர், மருதமலைக் காற்று, ஆனி ஆடியில் சாரல். வீட்டுக்குள் மின்விசிறி இல்லாமல் தூங்கலாம். கோயில், காய்கறிக் கடை, டாக்டர் எல்லாம் நடக்கிற தூரம். இங்கே வந்தவர்கள் திரும்பிப் போக மாட்டார்கள்.

பனியன்ஊர் | ஞாயிறு, இரவு 10:41

வடவள்ளி நல்ல ஊர்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தத் தம்பி தினமும் வடவள்ளியிலிருந்து அனுப்பர்பாளையம் வர வேண்டும் என்றால் லாலி ரோடு, காந்திபுரம், அவினாசி ரோடு முழுக்க என்று ஊரையே குறுக்கே வெட்டிக்கொண்டு வர வேண்டும். ஆறு மாதம் தாங்க மாட்டார்.

மெர்ச்சண்டைசர் வேலை என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், அம்மணி. காலை ஒன்பது மணிக்குப் போவது உறுதி, திரும்புவது உறுதியில்லை. ஷிப்மென்ட் நெருங்கினால் பேக்கிங் முடிந்து கன்டெய்னர் கிளம்பும் வரை அங்கேதான் நிற்க வேண்டும். பையர் சாம்பிளைத் திருப்பி அனுப்பினால் அன்றைக்கு ராத்திரி சாப்பாடும் கம்பெனியில்தான். தையல் பக்கம் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற ஊர் இது. அதனால் நான் சொல்வது அவினாசி. அவருக்குப் பக்கம். உங்களுக்கு அன்னூர் சுற்றிக் கோவில்பாளையம் வழியாக வரலாம், மூன்று நாள்தானே?

திருப்பூருக்குள்ளேயே வீடு பார்ப்பதென்றால் நொய்யல் ஓரத்தை விட்டுவிடுங்கள். சாயக்கழிவு இறங்கின மண். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு சுத்திகரிப்பு எவ்வளவோ சரியாகியிருக்கிறது. ஆனால் நிலத்தடியில் இறங்கியது அவ்வளவு சீக்கிரம் போகாது. எங்கள் தெருவில் போர் தண்ணீரை இன்றைக்கும் வாயில் வைக்க முடியாது.

கும்பகோணத்துக்காரி | திங்கள், காலை 6:55

எல்லோருக்கும் நன்றி. பனியன்ஊர் அண்ணா, அந்த நேரக் கணக்கு எங்களுக்குத் தெரியவே தெரியாது. அவரிடம் சொன்னேன், அவரும் யோசிக்கிறார். அப்படியானால் கருமத்தம்பட்டி? இரண்டு பக்கமும் சமமாக வருகிறதே.

நொய்யல்மகள் | திங்கள், காலை 11:30

தங்கச்சி, நடு ஊர் என்ற யோசனையை விட்டுவிடு. நானும் வீட்டுக்காரரும் இப்படித்தான் இரண்டு ஊரில் வேலை பார்க்கிறோம், எங்கள் வீதியில் இன்னும் மூன்று குடும்பம் இப்படி இருக்கிறது. நடுவில் வீடு எடுத்தால் இரண்டு பேருமே தூரத்தில் இருப்பீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து "குழந்தைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள்" என்று போன் வந்தால் யார் போவது? அத்தையால் முடியாது. அவர் கட்டிங் டேபிள் பக்கத்தில் நிற்பார், போனே கேட்காது. நீதான் போக வேண்டும். அதனால் வீடும் பள்ளிக்கூடமும் உன் பக்கத்தில் இருக்கட்டும். இதில் சமபங்கு பார்க்காதே.

அப்புறம், அவருக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்பதைவிட எத்தனை வண்டி மாற வேண்டும் என்று பார். அனுப்பர்பாளையம் அவினாசி ரோட்டிலேயே இருக்கிறது. காந்திபுரத்தில் கிளம்பி அவினாசி வழியாகத் திருப்பூர் போகிற பஸ் அந்த வழியாகத்தான் போகும், கம்பெனிப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். ரயிலில் போனால் வேகம்தான், ஆனால் திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, வந்த திசையிலேயே திரும்ப வர வேண்டும். ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலும் உடம்பு பழகிவிடும். தூங்கிக்கொண்டே போகலாம். அரை மணி நேரப் பயணத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கினால் பழகவே பழகாது.

அதனால் என் கணக்குப்படி காளப்பட்டி. அவர் பைக்கில் சிட்ரா வந்து, வண்டியை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறலாம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்த பிறகு அவினாசி ரோடே சரியாகிவிட்டது என்று புரோக்கர்கள் சொல்வார்கள். அது ஊருக்குள் போகிறவர்களுக்கு. கிழக்கே போகிற உங்களுக்கு அதனால் பெரிய லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஏறுவதற்கு முன் ஒரு விஷயம், பஸ் சிட்ராவில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சில வண்டிகள் நிற்காமல் போய்விடும்.

சத்திரோட்டுக்காரன் | திங்கள், மதியம் 12:05

அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். ஆபீஸில் சேர்வதற்கு முன்பே கம்பெனி கேப் எதுவரை வரும் என்று கேட்டுவிடுங்கள். ராத்திரி மீட்டிங் முடிந்து வீடு திரும்பும் நாட்களில் அது வாசல் வரை வருமா, மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுமா என்பது பெரிய வித்தியாசம். காளப்பட்டியில் உள்ளே தள்ளிப் புதிதாகப் போட்ட சைட்டுகளில் தெருவிளக்கு இல்லாத வீதிகள் இன்னும் இருக்கின்றன.

குழாயடி | திங்கள், மாலை 4:15

தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லையே.

மேற்கிலும் நடு ஊரிலும் சிறுவாணி. கிழக்கிலும் வடக்கிலும், அதாவது நீங்கள் பார்க்கிற பக்கம், பில்லூர். குறிச்சிப் பக்கம் ஆழியாறு. சிறுவாணி ருசியானது என்பது உண்மை, ஆனால் அணை இருப்பது கேரளத்தில். கொள்ளளவு 50 அடி, அவர்கள் 45 அடிக்கு மேல் தேக்குவதில்லை. மழை பொய்த்த வருடம் அந்தத் தண்ணீரும் இழுபறிதான். ஆகவே "சிறுவாணி ஏரியா" என்று சொல்லி அதிக வாடகை கேட்டால் யோசியுங்கள். பில்லூரில் 2024-இல் மூன்றாவது குடிநீர்த் திட்டமும் வந்துவிட்டது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரவணம்பட்டியும் காளப்பட்டியும் 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தவை. ஊர் வளர்ந்த வேகத்துக்குக் குழாயும் சாக்கடையும் வளரவில்லை. ஒரு வீதிக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும், அடுத்த வீதிக்குப் பத்து நாள் ஆகும். ஓனரைக் கேட்டால் "தண்ணிப் பிரச்சினையே இல்லைங்க" என்பார். பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கள்: கடைசியாக எந்தக் கிழமை தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் வந்தது. கிழமையையும் மணியையும் யோசிக்காமல் சொன்னால் அங்கே தண்ணீர் ஒழுங்காக வருகிறது. "வரும்ங்க, எப்பவாச்சும் வரும்" என்று இழுத்தால் வேறு வீடு பாருங்கள்.

பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயின் வாயைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி பொருக்கு கையில் ஒட்டினால் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஷவர் ஓட்டைகளில் பாதி அடைத்திருக்கும். ஹீட்டர் கம்பிச்சுருள் வருடம் தாண்டாது, துவைத்த வெள்ளைத் துணி மங்கும், தலைமுடி கொட்டும். வீட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து மறைக்கலாம், குழாய் வாயை யாரும் சுரண்டி வைப்பதில்லை.

கீழே தொட்டி எத்தனை லிட்டர் என்பதும் முக்கியம். நாலு குடித்தனத்துக்கு ஒரே தொட்டி என்றால் கடைசி வீட்டுக்காரருக்குக் கஷ்டம். பாதாளச் சாக்கடை இல்லாத வீதி என்றால் செப்டிக் டேங்க் லாரிக்குப் பணம் யார் கொடுப்பது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

வடவள்ளிவாசி | திங்கள், மாலை 5:02

குழாயடி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மேற்கு மேற்குதான். :)

கரிசல்காடு | திங்கள், இரவு 8:37

இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. நாங்கள் விருதுநகர் பக்கம். வீடு தேடின நாட்களில் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி "எந்த ஊருங்க?" இரண்டாவது "கறி சாப்பிடுவீங்களா?" மூன்றாவதைச் சில பேர் சுற்றி வளைத்துக் கேட்டார்கள், சில பேர் நேராகவே கேட்டார்கள்: "நீங்க என்ன ஆளுங்க?"

ஒரு வீடு எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முன்னால் இரண்டு தென்னை, தரைத்தளம், அம்மாவுக்கு வசதி. அந்த அம்மா சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, திறக்கப் போகிற நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டார். என் மனைவி பதில் சொன்னாள். கையில் இருந்த சாவியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டு, "பையன் வெளிநாட்டிலிருந்து வரானாம், நாங்களே இருக்கப் போறோம்" என்றார். டு-லெட் போர்டு அடுத்த மாதமும் அங்கேயே தொங்கியது.

எல்லோரும் அப்படி இல்லை. இப்போது இருக்கிற வீட்டு ஓனர் எங்கள் பெயர்கூடக் கேட்காமல் "குழந்தைக்கு எந்த ஸ்கூல்?" என்று கேட்டவர். ஆனால் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் முதல் வாரமே மனசு உடைந்துவிடும்.

பெரியதோட்டம் | திங்கள், இரவு 9:25

தம்பி, நான் இந்த மண்ணில் பிறந்தவன். நீங்கள் சொன்னது நடக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. வெளியூர் ஆட்கள் வந்துதான் மில்லும் மோட்டார் பட்டறையும் ஓடியது, இன்றைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியும் ஓடுகிறது. வீடு கொடுக்கும்போது மட்டும் சாதி கேட்பது எங்கள் ஊருக்குக் கேவலம். எங்கள் காம்பவுண்டில் அந்தக் கேள்வி கேட்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், மகனுக்கும் சொல்லியிருக்கிறேன்.

கும்பகோணத்து அம்மணிக்கு ஒரு வார்த்தை. அசைவம் சமைப்பீர்கள் என்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துக் குடிவந்து மீன் குழம்பு வைத்த அன்றைக்குத் தகராறு வருவதைவிட அந்த வீடு கிடைக்காமல் போவது மேல். சாதி கேட்கிற வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, எழுந்து வந்துவிடுங்கள். ஓனர் வேறு ஊரில் இருக்கிற அபார்ட்மென்ட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு. காளப்பட்டி, விளாங்குறிச்சிப் பக்கம் அந்த மாதிரி நிறைய இருக்கின்றன. லிஃப்ட் இருந்தால் அத்தைக்கு முதல் மாடி, இரண்டாம் மாடியும் பார்க்கலாம், ஆனால் கரண்ட் போனால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள்.

பத்திரம் | செவ்வாய், காலை 10:12

அட்வான்ஸ் பற்றி. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. நடப்பில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று கேட்பவர்கள் உண்டு. பேசிக் குறைக்கலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதியவும் வேண்டும். நிறையப் பேர் 11 மாத ஸ்டாம்ப் பேப்பரோடு நிறுத்திவிடுகிறார்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைத் தொகை போட்டு எழுதச் சொல்லுங்கள். அட்வான்ஸ் தகராறில் முக்கால்வாசி அங்கேதான் கிளம்புகிறது.

கரண்ட் மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் கூடிவிடும். ஓனர் ஒரே இணைப்பில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்த 100 யூனிட்டும் உங்களுக்கு வராது, மொத்தமும் சுலபமாக 500-ஐத் தாண்டும். வாடகை ஆயிரம் குறைவு என்று வந்தவர்கள் கரண்ட்டில் அதைவிட அதிகமாகக் கொடுக்கிறார்கள்.

கும்பகோணத்துக்காரி | புதன், இரவு 10:05

எல்லாவற்றையும் அவரும் நானும் உட்கார்ந்து படித்தோம். கரிசல்காடு அண்ணா, படித்ததும் கஷ்டமாக இருந்தது. பெரியதோட்டம் ஐயா எழுதினதைப் படித்த பிறகு கொஞ்சம் தைரியம் வந்தது. நாங்கள் அசைவம்தான், போனிலேயே சொல்லிவிடுகிறோம்.

நடு ஊர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். நொய்யல்மகள் அக்கா கேட்ட அந்தக் காய்ச்சல் கேள்விக்கு எங்களிடம் வேறு பதில் இல்லை. காளப்பட்டியில் இரண்டு வீடு பேசியிருக்கிறோம். ஒன்று தனி வீடு, தரைத்தளம், 15,000, மீட்டர் தனி. இன்னொன்று அபார்ட்மென்ட் முதல் மாடி, 14,500, மெயின்டெனன்ஸ் தனியாம். பள்ளிக்கூட வேன் இரண்டு இடத்துக்கும் வரும் என்கிறார்கள்.

இரண்டு கேள்வி மிச்சம். தனி வீட்டின் ஓனர் ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்கிறார். நாங்கள் ஜூன் கடைசியில்தான் சாமான் ஏற்ற முடியும், அது ஆனிதானே, சரியாக வரும்? ஊருக்குப் போகவர எது வசதி என்பது இன்னொன்று.

நொய்யல்மகள் | புதன், இரவு 10:30

ஆடி ஜூலை நடுவில்தான் பிறக்கும், ஜூன் கடைசி தாராளம். ஆனால் பள்ளிக்கூடம் ஜூனிலேயே திறந்துவிடும். அதனால் வீட்டை மே மாதமே பேசி அட்வான்ஸ் கொடுத்துவிடு. நீயும் குழந்தையும் முன்னால் வந்துவிடுங்கள், சாமான் பிறகு வரட்டும். மே மாதம்தான் எல்லோரும் வீடு மாறுவார்கள், நல்ல வீடு நாலு நாள் நிற்காது. ஆடி வரை காத்திருக்க முடிந்தவர்களுக்குப் பேரம் நன்றாகப் படியும், அந்த மாதம் யாரும் குடி போக மாட்டார்கள் என்பதால் காலியாகக் கிடக்கும். உங்களுக்கு அந்த வசதி இல்லை.

சத்திரோட்டுக்காரன் | புதன், இரவு 10:44

ஊருக்கு: காலையில் மயிலாடுதுறை ஜன் சதாப்தி இருக்கிறது, கும்பகோணத்திலேயே இறங்கலாம், செவ்வாய் மட்டும் கிடையாது. ராத்திரிக்கு மன்னார்குடி போகிற செம்மொழி, அதில் தஞ்சாவூரில் இறங்கிக்கொள்ள வேண்டும். இரண்டும் கோயம்புத்தூர் ஜங்ஷனில் கிளம்புபவை. பஸ் என்றால் திருச்சி வண்டிகள் சிங்காநல்லூரில்தான், காந்திபுரம் போய் நிற்காதீர்கள். அத்தையைக் கூட்டிக்கொண்டு போகும் நாளில் ரயிலே மேல்.

குழாயடி | வியாழன், காலை 7:20

அபார்ட்மென்ட் மெயின்டெனன்ஸில் தண்ணீர் லாரிக் காசு சேர்ந்ததா, தனியா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஏப்ரல், மே ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். மற்ற மாத ரசீதில் ஒன்றும் தெரியாது.

கும்பகோணத்துக்காரி | வியாழன், காலை 7:41

கேட்டுவிட்டேன், லாரிக் காசு தனியாம். தனி வீட்டைச் சனிக்கிழமை நேரில் பார்க்கிறோம். ஜங்ஷனில் இறங்கிக் காளப்பட்டிக்கு எப்படி வருவது?

சத்திரோட்டுக்காரன் | வியாழன், காலை 7:50

ஸ்டேஷன் வாசலிலேயே அவினாசி ரோட்டுப் பக்கம் போகிற டவுன் பஸ் கிடைக்கும். சிட்ராவில் இறங்கி அங்கிருந்து காளப்பட்டி பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள். திரும்பும்போது சாயங்காலம் ஆறு மணிக்குச் சிட்ரா சிக்னலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் சீக்கிரம் கிளம்புகிற நாட்களில் அந்த நேரத்துக்கு அங்கேதான் வந்து இறங்குவார்.